வெள்ளியங்கிரிக்குத் தனியாகப் போனது

கோவைக்கு மேற்கே, ஏழு மலை ஏறி ஈசனைக் கும்பிடுகிற வெள்ளியங்கிரியில் ஏழாவது மலை வரை ஏறி இறங்கி வந்ததிலிருந்து என்னிடம் இரண்டு விதமான பேச்சு வந்துகொண்டே இருக்கிறது. ஒன்று, "ஈசன் கூப்பிட்டு உன் நோயைத் தீர்த்துட்டான், பாத்தியா" என்று சொல்லும் சொந்தபந்தம். இன்னொன்று என் அக்கா. "டிபி வந்து தேறுற உடம்பை வெச்சுக்கிட்டு, கூட ஒருத்தரையும் கூட்டிக்காம, எதுக்குடா தனியா போனே? ஏதாச்சும் ஆகியிருந்தா யாருக்குத் தெரியும்?" என்று கேட்டாள். அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை. முதல் பேச்சுக்கு என்னிடம் பதில் இருக்கிறது. அக்கா கேட்டதற்குத்தான் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு பதில் சொல்லி, எதுவும் எனக்கே திருப்தியாக இல்லாமல், எழுதிப் பார்த்தால்தான் தெளியும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

முதல் பேச்சை முதலில் முடித்துவிடுகிறேன். எனக்குச் சாமி நம்பிக்கை உண்டு, இல்லாவிட்டால் அந்த மலைக்கே போயிருக்க மாட்டேன். ஆனாலும் என் காசநோய் மலையேறுவதற்கு முன்பே தீர்ந்துவிட்டது. தீர்த்தது மாத்திரை. காலையில் வெறும் வயிற்றில் விழுங்கிய மாத்திரை, சிறுநீரை ஆரஞ்சு நிறமாக்கிய ரிஃபாம்பிசின், கண் பார்வையை அடிக்கடி சோதித்துக்கொள்ளச் சொன்ன எத்தாம்புட்டால், முதல் இரண்டு மாதம் மூட்டெல்லாம் வலித்த பைரசினமைடு. ஒரு நாள் விடாமல் சாப்பிட்டேனா என்று போன் செய்து கேட்ட ஒரு சுகாதாரப் பணியாளர். இவர்களை விட்டுவிட்டு மலைக்குப் பெயர் கொடுத்தால், நாளைக்கு யாரோ ஒருவர் பாதி மாத்திரையில் நிறுத்திவிட்டு மலைக்குக் கிளம்புவார் என்கிற பயம் எனக்கு நிஜமாகவே இருக்கிறது. பாதியில் நிறுத்தினால் கிருமி மருந்துக்குப் பழகிக்கொள்ளும், அப்புறம் அடுத்த வைத்தியம் இதைவிட நீளமானது, கடுமையானது.

மலைக்காற்று நெஞ்சு நோய்க்கு நல்லது என்கிற எண்ணம் நம் வீடுகளில் பழையது. என் தாத்தாவின் தம்பி ஒருவர் பெருந்துறை சானடோரியத்தில் கிடந்த கதையை அம்மா சொல்வார். நல்ல காற்று, முட்டை, பால், படுக்கை, அதுதான் அந்தக் காலத்து வைத்தியம். தாம்பரம் சானடோரியம் 1928இல் ஆரம்பித்ததும் அந்த நம்பிக்கையில்தான். அதை மாற்றிய ஆராய்ச்சி நம் சென்னையில் நடந்தது என்பதை நோய் வந்த பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். 1956இல் சேத்துப்பட்டில் காசநோய் வேதிச்சிகிச்சை மையம் என்று ஒன்றைத் தொடங்கி, ஒரு பகுதி நோயாளிகளைச் சானடோரியத்தில் நல்ல சாப்பாட்டோடும் ஓய்வோடும் வைத்தார்கள், இன்னொரு பகுதியினரை அவரவர் நெருக்கடியான வீட்டிலேயே, கிடைத்த சாப்பாட்டோடு இருக்கச் சொல்லி, அதே மருந்தைக் கொடுத்தார்கள். 1959இல் முடிவு வெளியானபோது இரண்டு பக்கமும் குணமானது ஏறக்குறைய ஒரே அளவு. அதைவிட முக்கியம், வீட்டில் வைத்துப் பார்த்ததால் கூட இருந்தவர்களுக்கு நோய் அதிகமாகத் தொற்றிவிடவும் இல்லை. அதன் பிறகு உலகம் முழுக்க சானடோரியங்கள் மெல்ல மெல்ல மூடின. நான் கோவை கணபதியில் ஒரு வாடகை வீட்டின் முன்னறையில், அம்மா கண்ணெதிரிலேயே, ஃபேனுக்கடியில் படுத்துக் குணமாக முடிந்தது அந்த ஆராய்ச்சியால்தான். இதைச் சொன்னால் சொந்தக்காரர்கள் தலையாட்டிவிட்டு, "இருந்தாலும் ஈசன் அருள் வேணுமில்ல" என்கிறார்கள். வேண்டும்தான். அருளோடு மாத்திரையும் வேண்டும்.

அக்காவின் கேள்வி இப்படி முடிவதில்லை.

இருமல் என்றால் திரும்பிப் பார்ப்பார்கள்

எனக்கு வந்தது நுரையீரலைச் சுற்றியுள்ள உறையில் நீர் கோக்கும் வகை. முழு மூச்சு இழுக்க முடியாது, பாதியிலேயே வலி வந்து நிறுத்திவிடும். முதுகுப் பக்கம் மரத்துப்போக ஊசி போட்டு, விலா இடுக்கில் இன்னொரு ஊசி இறக்கி நீரை எடுத்தார்கள். வைக்கோல் நிறத்தில் அது பாட்டிலில் இறங்குவதைப் பார்த்துக்கொண்டே, இவ்வளவும் எனக்குள் இருந்ததா என்று மலைத்துப்போய் உட்கார்ந்திருந்தேன். இந்த வகை பொதுவாக மற்றவர்களுக்குத் தொற்றாது, நுரையீரலுக்குள்ளேயே வரும் வகைகூட மாத்திரை ஒழுங்காக ஆரம்பித்த சில வாரங்களில் தொற்றும் தன்மையை இழந்துவிடும் என்று டாக்டர் பொறுமையாகச் சொன்னார். அது காற்றில் பரவுகிற நோய், தட்டு டம்ளரில் பரவுவதில்லை என்பதையும் சொன்னார். நானும் அதைப் பத்துப் பேருக்குச் சொல்லியிருப்பேன்.

ஆனால் வீட்டில் ஒரு டம்ளர் தனியாகப் போய்விட்டது. யாருடைய கல்யாணத்திலோ வந்த எவர்சில்வர் டம்ளர், விளிம்புக்குக் கீழே அம்மா பெயர் புள்ளி புள்ளியாக வெட்டியிருக்கும். அதை யாரும் எனக்கென்று ஒதுக்கவில்லை, நானாகவும் ஒதுக்கவில்லை, ஒரு வாரத்தில் அது தானாக நடந்தது. அம்மா அதைக் கழுவி ஜன்னல் ஓரம் கவிழ்த்துவைப்பார், மற்றதெல்லாம் சமையலறைக் கூடையில் இருக்கும். வெளியில் இதைவிடக் கூடுதல். ஒரு சீமந்தத்தில் என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர் நான் இருமியதும் போன் வந்த மாதிரி எழுந்துபோய் வேறு வரிசையில் உட்கார்ந்தார். அவர் மேல் எனக்குக் கோபமில்லை, உலகத்துக் காசநோயாளிகளில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் இருக்கிற நாட்டில் மனிதர்களுக்குப் பயம் இருக்கத்தான் செய்யும். ஆனால் அதன் பிறகு இருமல் வருகிறது என்று தெரிந்தாலே நான் எழுந்து வெளியே போய்விடப் பழகினேன். மாடிப்படி, பாத்ரூம், ஆபீசில் ஜெனரேட்டர் பக்கம். மாத்திரை முடிந்த பிறகும் இந்தப் பழக்கம் போகவில்லை. நோயைவிட இதுதான் என்னை அதிகம் சோர்வாக்கியது.

வெள்ளியங்கிரி போகலாம் என்று நினைத்தபோது ஆபீஸ் நண்பர்கள் இரண்டு பேர் வருகிறோம் என்றார்கள். நல்ல பையன்கள், என் பையைத் தூக்கிக்கொள்வதாகவே சொன்னார்கள். எனக்கு அப்போதே தெரியும், அவர்களோடு போனால் ஒவ்வொரு படியிலும் என் முகத்தைப் பார்ப்பார்கள். பார்த்தால் நான் "ஒண்ணுமில்ல, வாங்க போலாம்" என்பேன். மூச்சு வாங்கினாலும் அதைத்தான் சொல்வேன், நம்மில் முக்கால்வாசிப் பேர் அப்படித்தான். தேறிக்கொண்டிருக்கிற உடம்புக்கு அதுதான் ஆபத்து என்று நான் நினைத்தேன், இப்போதும் நினைக்கிறேன். தனியாகப் போனால் சமாளித்துக் காட்ட ஆளில்லை. உட்காரத் தோன்றினால் உட்காரலாம், அரை மணி நேரம் உட்கார்ந்தாலும் யாருக்கும் நேரமாகாது. அக்காவிடம் முதலில் சொன்ன பதில் இதுதான். "அப்போ மயங்கி விழுந்தா?" என்றாள். அதற்கு என்னிடம் பதில் இல்லை, அவள் கேட்டது நியாயம்.

ஏனென்றால் இந்த மலையில் ஆட்கள் இறந்திருக்கிறார்கள். 2024 பருவத்தில் ஏறப் போனவர்கள் அடுத்தடுத்து இறந்த செய்தி கோவைப் பதிப்புகளில் வந்துகொண்டே இருந்தது. இதய நோய், மூச்சுத் தொந்தரவு, ரத்த அழுத்தம், சர்க்கரை உள்ளவர்கள் ஏற வேண்டாம் என்று அடிவாரத்திலேயே அறிவிக்கிறார்கள். அந்தப் பட்டியலில் நானும் இருக்கிறேன் என்பதை மறைத்துக்கொண்டு நான் போகவில்லை. டாக்டரிடம் நேராகக் கேட்டேன். எக்ஸ்ரே எடுத்தார், ஆறு நிமிடம் நடக்கவிட்டு ஆக்சிஜன் அளவு இறங்குகிறதா என்று பார்த்தார். வலது பக்க உறை கொஞ்சம் தடித்துப்போயிருக்கிறது, அது அப்படியே இருந்துவிடலாம், அதோடு வாழலாம் என்றார். மலைக்கு உடனே சரி சொல்லவில்லை. மருதமலைப் படிகளை நிற்காமல் ஏற முடிகிற வரை இந்தப் பேச்சையே எடுக்காதீர்கள் என்று அனுப்பிவிட்டார்.

அதனால் பல வாரம் காலையில் மருதமலை. வீட்டில் மூச்சுப் பயிற்சிக்கு அந்த மூன்று பந்துக் கருவி, குழாயை வாயில் வைத்து உறிஞ்சினால் பந்து எழும்பும், பக்கத்தில் 600, 900, 1200 என்று அச்சிட்டிருக்கும். முதல் பந்து சீக்கிரம் எழுந்துவிட்டது. மூன்றாவது பந்து அடியிலேயே ஒட்டிக்கொண்டு கிடந்தது நீண்ட காலம். அது ஒருநாள் மேலே போய் ஒரு நொடி நின்றதும் அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன், அம்மா என்ன ஏது என்று புரியாமலே கைதட்டினார். டாக்டர் கடைசியில் சம்மதித்தபோது நிபந்தனை வைத்தார். விரதம் இருந்து ஏறக் கூடாது. கூட்டம் குறைவான வாரநாளில் போக வேண்டும். நடு மலையில் குளிரில் இரவைக் கழிக்கக் கூடாது. பேச முடியாத அளவு மூச்சு வாங்கினால் அங்கேயே உட்கார வேண்டும், உட்கார்ந்தும் அடங்காவிட்டால் இறங்கிவிட வேண்டும்.

முதல் மலையிலிருந்து கைதட்டிச் சுனை வரை

மார்ச்சில் ஒரு வாரநாள், விடிவதற்கு வெகு நேரம் முன்பே அடிவாரத்துப் பூண்டியில் ஏற ஆரம்பித்தேன். ஏழாவது மலையில் சூரிய உதயம் பார்க்க நினைப்பவர்கள் முந்தின இரவே ஏறிவிடுவார்கள். எனக்கு உதயத்தைவிட மேலே குளிர் தணிந்திருப்பது முக்கியம். வனத்துறை சோதனையில் பையைத் திறந்து காட்டி, பாட்டிலுக்கு ஸ்டிக்கர் ஒட்டி வாங்கிக்கொண்டு, மூங்கில் தடி ஒன்றை ஊன்றிப் பார்த்து எடுத்துக்கொண்டேன். முதல் மலை ஏறியவர்களுக்கு நான் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. ஏறாதவர்களுக்கு ஒன்று மட்டும்: அங்கே படி என்றால் வீட்டுப் படி இல்லை. ஒன்று கணுக்கால் உயரம், அடுத்தது முழங்கால் உயரம், அதற்கடுத்தது சரிந்த பாறை, எந்தத் தாளத்திலும் கால் பழகாது. ஏழு மலையில் இதுதான் கடினம் என்று பலர் சொல்வார்கள், என் அனுபவமும் அதுதான்.

டாக்டர் சொன்ன பேச்சுச் சோதனையை நான் என் வழியில் வைத்துக்கொண்டேன். ஒரே மூச்சில் மூன்று முறை "ஓம் நமசிவாய" சத்தமாகச் சொல்ல வேண்டும். மூன்றாவது முறையில் குரல் உடைந்தால் உட்கார்ந்துவிட வேண்டும். அந்த மலையில் எல்லோரும் அதைச் சொல்லிக்கொண்டேதான் ஏறுகிறார்கள், அதனால் நான் என்ன செய்கிறேன் என்று யாருக்கும் தெரியாது. அப்படி உட்கார்ந்து உட்கார்ந்துதான் வெள்ளை விநாயகர் கோயில் வரை போனேன். கல்லூரிப் பையன்கள் கும்பலாகத் தாண்டிப் போனார்கள், செருப்பில்லாத கால்கள் டார்ச் வெளிச்சத்தில் என் முகத்துக்கு நேரே ஏறிப் போய்க்கொண்டே இருந்தன. யாரும் நின்று விசாரிக்கவில்லை. அது எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது என்பதைச் சொல்லித் தெரிவிப்பது கஷ்டம். நோய் வந்த பிறகு வீட்டிலும் ஆபீசிலும் யார் பார்வையும் என் மேல் படாத ஒரு மணி நேரம் எனக்குக் கிடைத்ததே இல்லை.

இரண்டாவது மலை முடிந்து வழுக்குப் பாறையைத் தடியும் கையுமாகக் கடந்தபோது வெளிச்சம் வந்துவிட்டது. பாறையில் சிறு சிறு படியாகச் செதுக்கி வைத்திருக்கிறார்கள், பல கால்கள் பட்டு நடுவில் மழுங்கியிருக்கும். கைதட்டிச் சுனைக்குக் கொஞ்சம் முன்னால் எனக்கு இருமல் பிடித்தது. சாதாரண இருமல் இல்லை, நெஞ்சுக்கடியிலிருந்து கிளம்பி, ஒன்று முடிவதற்குள் அடுத்தது வருகிற பழைய இருமல். பழக்க தோஷத்தில் பாதையை விட்டு விலகி, பாறைப் பக்கம் முகத்தைத் திருப்பி, துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு குனிந்து நின்றேன். இரவே ஏறி, சாமி பார்த்துவிட்டு இறங்கி வந்துகொண்டிருந்த ஒரு கூட்டம் அங்கே இளைப்பாறிக்கொண்டிருந்தது. காவி வேட்டி, தோளில் சிவப்புத் துண்டு, பேச்சு தாராபுரம் காங்கயம் பக்கத்துப் பேச்சு. அதில் ஒருவர், ஐம்பது ஐம்பத்தைந்து வயதிருக்கும், எழுந்து வந்தார்.

"ஏனுங்க சாமி, என்னங்க ஆச்சு?"

"ஒண்ணுமில்லைங்க" என்றுதான் சொல்லப் போனேன். ஏன் அப்படிச் சொல்லவில்லை என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை. "டிபி வந்துச்சுங்க, மாத்திரையெல்லாம் முடிச்சாச்சு. இப்பத் தொத்தாதுங்க, இருமல் மட்டும் மிச்சம்" என்றேன். முன்பின் தெரியாத ஒருவரிடம் நான் அதைச் சொன்னது அதுதான் முதல் தடவை. ஆபீசிலேயே மேலாளருக்கும் அந்த இரண்டு நண்பர்களுக்கும் மட்டும்தான் தெரியும்.

அவர் கையில் தண்ணீர் பாட்டில் இருந்தது, பாதி குடித்தது. அதை நீட்டினார். நான் வாங்கி அண்ணாந்து ஊற்றிக்கொண்டேன். நம் ஊரில் அடுத்தவர் பாட்டிலை வேறு எப்படிக் குடிப்போம். ஆனால் இருமல் அடங்காத தொண்டைக்கு அண்ணாந்து குடிக்கக் கூடாது, அது நேரே மூச்சுக்குழலுக்குப் போய்ப் புரை ஏறி, முன்பைவிட மோசமாக இருமினேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவர் என் முதுகில் நாலு தட்டுத் தட்டிவிட்டு, "வாய வெச்சுக் குடிங்க சாமி, மெதுவா" என்றார். நான் பாட்டிலைப் பார்த்தேன், அவரைப் பார்த்தேன். "அட, வாய வெச்சுக் குடிங்கங்கறேன்" என்று இன்னொரு முறை, கொஞ்சம் அதட்டலாக. வாய் வைத்துக் குடித்தேன். சுனைத் தண்ணீர் போலிருக்கிறது, பல் கூசியது. ஒரு மடக்கு, அப்புறம் இன்னொரு மடக்கு, இருமல் நின்றது. பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு, திருப்பிக் கொடுப்பதா, கழுவித் தருகிறேன் என்பதா, என் பாட்டிலைக் கொடுத்துவிடுவதா என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே அவர் அதை வாங்கி, மிச்சம் இருந்ததைத் தன் வாயில் வைத்துக் குடித்து முடித்தார். துடைக்கவில்லை. எனக்குக் காட்டுவதற்காகச் செய்த மாதிரியும் இல்லை, அவருக்குத் தாகம், குடித்தார். "மேல காத்து ஜாஸ்தியா இருக்குதுங்க, காதுக்குத் துண்டு கட்டிக்கிட்டுப் போங்க" என்று சொல்லிவிட்டுக் கூட்டத்தோடு இறங்கிப் போய்விட்டார்.

நான் அந்தப் பாறையில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். மூச்சு எப்போதோ அடங்கிவிட்டது. தட்டு டம்ளரில் இது பரவாது என்று எனக்கு அறிவில் தெரியும், அடுத்தவருக்கு விளக்கிச் சொல்லவும் தெரியும். சென்னை ஆராய்ச்சி வரைக்கும் படித்திருக்கிறேன். அதையெல்லாம் தாண்டி, என் வாய் பட்ட இடத்தில் இன்னொருவர் வாய் படக் கூடாது என்று உடம்பு முடிவு செய்து வைத்திருந்தது. அந்த முடிவோடு நான் இவ்வளவு காலம் வாழ்ந்திருக்கிறேன் என்பதே அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. அந்த மனிதர் காசநோயைப் பற்றி என்ன தெரிந்து வைத்திருந்தார் என்று எனக்குத் தெரியாது. ஒருவேளை எதுவும் தெரியாமல்கூட இருக்கலாம். நான் தொற்றாது என்று சொன்னேன், அவர் நம்பினார். என் வார்த்தையை அப்படி நம்பி யாரும் எதுவும் செய்து வெகுகாலம் ஆகியிருந்தது. அன்புள்ள வீட்டில் கூட அந்த டம்ளர் தனியாகத்தான் இருந்தது.

ஏழாவது மலையும் இறக்கமும்

மற்ற மலைகளைச் சீக்கிரம் சொல்லிவிடலாம். நான்காவது ஓரளவு சமதளம், ஒட்டர் சமாதி தாண்டி நடந்தது எனக்குத் தெரியவே இல்லை. ஐந்தாவதில் மரங்கள் விட்டுப்போய் புல்வெளி ஆரம்பிக்கிறது, காற்று ஆளைத் தள்ளியது. காதுக்குத் துண்டு கட்டிக்கொண்டேன். பீமன் களியுருண்டைப் பாறைகளைப் பார்த்தபடி கொண்டுபோயிருந்த அவித்த வேர்க்கடலையும் வெல்லமும் சாப்பிட்டேன். ஆறாவது மலையில் ஏறின உயரத்தை எல்லாம் விட்டுக்கொடுத்து ஆண்டி சுனைக்கு இறங்க வேண்டும், அங்கே குளித்துவிட்டு ஏழாவது மலை ஏறுவது வழக்கம். நான் குளிக்கவில்லை, தலையில் மூன்று கை தண்ணீர் தெளித்துக்கொண்டேன். உச்சி வெயிலுக்குள் ஏழாவது மலை முடியாவிட்டால் எங்கே இருக்கிறேனோ அங்கிருந்தே கும்பிட்டுத் திரும்பிவிடுவது என்று வீட்டிலேயே முடிவு செய்திருந்தேன். ஆண்டி சுனையில் கடிகாரத்தைப் பார்த்தபோது நேரம் இருந்தது. மூன்று தடவை மந்திரம் சொன்னேன், குரல் உடையவில்லை, ஏறினேன்.

மேலே பெரிய பாறைகள் ஒன்றோடொன்று சாய்ந்து நிற்கிற இடுக்கில் சுயம்புவாக ஈசன். கூட்டமில்லாததால் நின்று நிதானமாகக் கும்பிட முடிந்தது. எனக்கென்று எதுவும் கேட்கத் தோன்றவில்லை, தினமும் போன் செய்த அந்தச் சுகாதாரப் பணியாளரின் பெயரைச் சொல்லி அவர் பிள்ளைகள் நன்றாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். மேற்கே சிறுவாணி நீர் தெரிந்தது. நாம் குடித்து வளர்ந்த தண்ணீர் அங்கே நீலமாக, ஆடாமல் கிடந்தது. சிறிது நேரம் அதைப் பார்த்துவிட்டு இறங்க ஆரம்பித்தேன்.

உச்சியைத் தொட்டதோடு கதை முடிகிற மாதிரிதான் எல்லோரும் மலையேற்றம் பேசுகிறார்கள். எனக்கு நெருக்கடி வந்தது இறக்கத்தில். நுரையீரலைப் பற்றி மட்டும் அவ்வளவு யோசித்து வைத்திருந்தேன், அது கடைசி வரை காட்டிக்கொடுக்கவே இல்லை. தொடைதான் காட்டிக்கொடுத்தது. காசநோய் சதையைத் தின்றுவிடும், எடை திரும்பி வந்தாலும் அதே சதையாகத் திரும்ப வருவதற்கு இன்னும் நாளாகும். ஏறும்போது மூச்சு முதலில் நம்மை நிறுத்திவிடுவதால் கால் பிழைத்துக்கொள்கிறது, இறங்கும்போது உடம்பின் மொத்தப் பாரத்தையும் ஒவ்வொரு படியிலும் தொடைதான் தாங்கிப் பிடிக்க வேண்டும். மூன்றாவது மலைக்குக் கீழே கால் நடுங்க ஆரம்பித்தது. வழுக்குப் பாறையில் உட்கார்ந்து, கையை ஊன்றி, தவழ்ந்தே இறங்கினேன். முதல் மலையில் தடியைக் கீழ்ப்படியில் ஊன்றி, பக்கவாட்டில் திரும்பி, ஒரு படிக்கு இரண்டு கால் என்று வைத்துக் குழந்தை மாதிரி இறங்கினேன். யாராவது கூட வந்திருந்தால் தோளைப் பிடித்திருக்கலாம் என்று அப்போது தோன்றியது. அக்கா சொன்னது அந்த இடத்தில் முழுக்கச் சரி. டோலி கட்டித் தூக்கும் ஆட்கள் இருக்கிறார்கள், ஆனால் அவர்களுக்குச் சொல்லி அனுப்பவும் ஒரு ஆள் வேண்டும்.

ஆனாலும் அந்த இறக்கத்தில் நான் முழுக்கத் தனியாக இல்லை. ஏறி வருகிறவர்கள் ஒவ்வொருவரும் பாதி வழி விட்டு நின்று, "மெதுவாங்க சாமி" என்றார்கள். சுக்குக் காபிக் கடைக்காரர் காசு வாங்குவதற்கு முன்னால் "மொதல்ல உக்காருங்க" என்றார். அவர்களும் என்னைப் பார்த்தார்கள்தான். ஆனால் நோயாளி என்று பார்க்கவில்லை, மலை இறங்குகிறவர்களுக்கு எல்லாம் கால் நடுங்கும், அப்படி ஒருவன் என்று பார்த்தார்கள். சூரியன் சாய்வதற்குள் அடிவாரம் வந்து, கோயில் வாசலில் உட்கார்ந்து அக்காவுக்குப் போன் செய்தேன். அவள் திட்டியதை இங்கே எழுத வேண்டாம்.

அக்காவுக்கு

இப்போது சொல்கிறேன். நான் தனியாகப் போனது தைரியத்தைக் காட்ட இல்லை, நோயை ஜெயித்ததை நிரூபிக்கவும் இல்லை. என்னைத் தெரிந்த எல்லோரும் என்னை நோயின் வழியாகப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள். நீயும்தான், அம்மாவும்தான், அது பாசத்தால் என்று தெரியும். தெரியாதவர்களுக்கு நடுவில் ஒரு நாள் இருக்க வேண்டும் போலிருந்தது. போகும்போது இருமலை மறைக்காமல் இருமலாம் என்றுதான் நினைத்தேன், அதற்கு மேல் எதுவும் எதிர்பார்க்கவில்லை. சுனையில் நடந்தது நான் தேடிப் போனதில்லை. நண்பர்கள் கூட இருந்திருந்தால் நான் இருமியதும் அவர்கள் பையிலிருந்து என் பாட்டிலை எடுத்து நீட்டியிருப்பார்கள், அந்த மனிதர் எழுந்து வந்திருக்கவே மாட்டார். அதற்காகத் தனியாகப் போனது சரி என்று சாதிக்கவில்லை. மயங்கி விழுந்தால் என்ன செய்திருப்பாய் என்ற உன் கேள்வி அப்படியேதான் நிற்கிறது. இரண்டையும் வைத்துக்கொண்டுதான் இருக்கிறேன், ஒன்று இன்னொன்றை அழிக்கவில்லை.

வீட்டுக்கு வந்த அன்றிரவு அந்த எவர்சில்வர் டம்ளரை ஜன்னலிலிருந்து எடுத்துக் கூடையில் போட்டேன். அம்மா பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் காலையில் அதே டம்ளரில் அவர் காபி குடித்துக்கொண்டிருந்தார்.

கொஞ்ச நாள் கழித்து டாக்டரிடம் போனேன். எக்ஸ்ரேயில் மாற்றமில்லை, தொடைக்கு உட்கார்ந்து எழுந்திரிக்கும் பயிற்சி எழுதிக் கொடுத்தார். அங்கே காத்திருந்தபோது பக்கத்தில் ஒரு பையன், பாலிடெக்னிக் படிக்கிறவன், மாத்திரை பாதியில் இருக்கிறான், அவனுக்கும் நெஞ்சில் நீர். நான் மலை போனதை யாரோ சொல்லியிருக்கிறார்கள், தானும் போகலாமா அண்ணா என்று கேட்டான். இந்தப் பருவத்தில் கூடாது என்று சொல்லிவிட்டேன். மாத்திரை முடியட்டும், டாக்டர் ஆறு நிமிட நடை பார்க்கட்டும், அதுவரை மூன்றாவது பந்தை எழுப்பு, சாப்பாட்டில் முட்டையும் கடலையும் தவறக் கூடாது, தொடைக்குப் பயிற்சியை இப்போதே ஆரம்பி என்று எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். பேசிக்கொண்டே இருக்கும்போது அவனுக்கு இருமல் வந்தது, எழுந்து வாசல் பக்கம் போகப் பார்த்தான். வாயை மூடிக்கொண்டு இங்கேயே இருமு, உட்கார் என்றேன். உட்கார்ந்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் மருதமலைப் படிக்கு அவனும் வருகிறேன் என்றிருக்கிறான், டாக்டர் சரி என்று சொன்னதும் ஆரம்பிக்கிறோம்.